பீன்யாவில் இருந்து ஒரே நாளில் பெங்களூரு சுற்றுலா: எந்த இடத்தை எப்போது பார்க்கலாம்?

பீன்யா (பெங்களூரு): வாரத்தில் ஒரு நாள் மட்டுமே விடுமுறை கிடைக்கும் தொழிலாளர்களும், அவர்களைக் காண ஊரில் இருந்து வரும் குடும்பத்தினரும் கர்நாடகத் தலைநகரைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிடும்போது இடங்களின் பட்டியலைக் காட்டிலும் அவற்றைப் பார்க்கும் வரிசையே முக்கியமானது. நகரின் முக்கிய இடங்களில் பெரும்பாலானவை பீன்யா வழியாகச் செல்லும் பச்சை வழித்தட மெட்ரோவை ஒட்டியோ, அதில் இருந்து ஒருமுறை ரயில் மாறிச் செல்லும் தொலைவிலோ அமைந்துள்ளன. மூடப்படும் நாட்களையும் நேரங்களையும் முன்கூட்டியே அறிந்துகொண்டால் ஒரே நாளில் அவற்றைப் பார்த்துவிட முடியும்.

ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்றாகக் குறிப்பிடப்படும் பீன்யா, சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெறுவதில்லை. ஆனால், 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 விண்கலத்தின் லேண்டர் நிலவில் தரையிறங்கியபோது அதனைக் கண்காணித்து வழிநடத்திய இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையம் இங்குதான் உள்ளது. பாதுகாப்பு மிகுந்த அம்மையம் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கும் இடமல்ல என்பதால், பயணத்தை மெட்ரோ நிலையத்தில் இருந்தே தொடங்க வேண்டும்.

மெட்ரோ எவ்வாறு உதவும்?

பீன்யா இண்டஸ்ட்ரி முதல் சம்பிகே சாலை வரையிலான மெட்ரோ சேவை 2014 மார்ச் 1 அன்று தொடங்கியது. அதன் பின்னர் 2017 ஜூன் மாதத்தில் சம்பிகே சாலை முதல் எலச்சேனஹள்ளி வரையிலான பகுதி திறக்கப்பட்டதால், மெஜஸ்டிக், கே.ஆர். மார்க்கெட், லால்பாக் ஆகிய இடங்களுக்குப் பீன்யாவில் இருந்து ரயில் மாறாமல் செல்லும் வசதி ஏற்பட்டது. தற்போது இவ்வழித்தடம் வடக்கே மாதவரா முதல் தெற்கே சில்க் இன்ஸ்டிடியூட் வரை நீண்டுள்ளது.

பீன்யாவில் இருந்து மெஜஸ்டிக் நிலையத்தை சுமார் 20 நிமிடங்களில் அடையலாம். விதான சவுதா, கப்பன் பூங்கா, எம்.ஜி. சாலை, அல்சூர் ஆகிய பகுதிகளுக்குச் செல்வோர் அங்கு ஊதா வழித்தடத்துக்கு மாற வேண்டும். 2025 பிப்ரவரி 9 அன்று நடைமுறைக்கு வந்த கட்டண உயர்வின்படி குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சக் கட்டணம் 90 ரூபாய் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ சேவை வார நாட்களைவிடத் தாமதமாகத் தொடங்கும் என்பதால், முதல் ரயில் புறப்படும் நேரத்தை முந்தைய நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

தொலைவில் உள்ள இடம் முதலில்

காலையில் தொலைவில் உள்ள லால்பாக்கிற்கு முதலில் சென்று, அங்கிருந்து படிப்படியாகப் பீன்யாவை நோக்கித் திரும்புவது வசதியானது. பெங்களூரில் பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படுகின்றன. பூங்காக்களும் காலையிலேயே திறக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் முற்பகலில் முடித்துவிட்டால், வெயில் நேரத்தை அரண்மனையிலும் அருங்காட்சியகத்திலும் கழிக்கலாம்.

1760-ஆம் ஆண்டு ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தாவரவியல் பூங்கா, 240 ஏக்கர் பரப்பளவு கொண்டது. இங்குள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். பூங்காவினுள் உள்ள பாறைக்குன்று சுமார் 300 கோடி ஆண்டுகள் பழைமையானது. அதன் உச்சியில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறது. குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகியவற்றையொட்டி ஆண்டுக்கு இருமுறை இங்கு மலர்க் கண்காட்சி நடைபெறும். அந்நாட்களில் கூட்டம் பெருகுவதால், முதியோருடனும் குழந்தைகளுடனும் செல்வோர் வார நாளில் செல்வதே உகந்தது.

கிழமை பார்த்துச் செல்ல வேண்டிய உணவகங்கள்

லால்பாக்கை ஒட்டியுள்ள எம்.டி.ஆர். உணவகம் 1924-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. பசவனகுடி காந்தி பஜாரில் உள்ள வித்யார்த்தி பவன் 1943-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அது வெள்ளிக்கிழமை மூடப்பட்டிருக்கும். விடுமுறை நாட்களில் இரு உணவகங்களிலும் காத்திருக்க நேரிடும் என்பதால், காலை உணவுக்குச் சற்று முன்னதாகவே செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பசவனகுடி நந்தி கோயில், நேஷனல் காலேஜ் மெட்ரோ நிலையத்தில் இருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஒரே கல்லில் செதுக்கப்பட்ட பெரிய நந்தி இக்கோயிலின் சிறப்பு. கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையையொட்டி இங்கு நடைபெறும் கடலைக்காய்த் திருவிழாவில் விவசாயிகள் தங்கள் நிலக்கடலையைக் கொண்டுவந்து விற்பனை செய்வர்.

கோட்டை, அரண்மனை, சந்தை

அடுத்ததாக கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால், அருகருகே பல இடங்களைப் பார்க்கலாம். 1537-ஆம் ஆண்டில் கெம்பேகவுடா அமைத்த மண் கோட்டையை ஹைதர் அலி பின்னர் கல் கோட்டையாக மாற்றினார். மூன்றாம் மைசூர் போரின்போது, 1791-ஆம் ஆண்டு காரன்வாலிஸ் தலைமையிலான ஆங்கிலேயப் படை இக்கோட்டையைக் கைப்பற்றியது. அதன் ஒரு பகுதி மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

கோட்டையில் இருந்து நடந்து செல்லும் தொலைவில் திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை உள்ளது. 1781-ஆம் ஆண்டு ஹைதர் அலி காலத்தில் தொடங்கிய கட்டுமானப் பணி, 1791-ஆம் ஆண்டு திப்பு காலத்தில் நிறைவடைந்தது. தேக்கு மரத் தூண்களும் வளைவுகளும் கொண்ட இந்த அரண்மனையை இந்தியத் தொல்லியல் துறை பராமரித்து வருகிறது. 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அருகிலேயே கோட்டை வெங்கடரமண சுவாமி கோயிலும் அமைந்துள்ளது.

கே.ஆர். மார்க்கெட்டின் பூச்சந்தையைக் காண விரும்புவோர் அதிகாலையில் செல்ல வேண்டும். பிற்பகலில் அங்கு நெரிசலே மிஞ்சும்.

விதான சவுதாவும் கப்பன் பூங்காவும்

மெஜஸ்டிக்கில் ஊதா வழித்தடத்துக்கு மாறினால், சில நிமிடங்களில் விதான சவுதா நிலையத்தை அடையலாம். கர்நாடகச் சட்டப்பேரவை அமைந்துள்ள இக்கட்டடத்துக்கு 1951 ஜூலை 13 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். முதல்வர் கெங்கல் ஹனுமந்தையாவின் முயற்சியால் உருவான இக்கட்டடம், 1956-ஆம் ஆண்டு நிறைவு பெற்றது. நீண்ட காலமாகப் பொதுமக்கள் வெளியில் நின்று புகைப்படம் எடுக்க மட்டுமே முடிந்த நிலையில், 2025 ஜூன் முதல் வழிகாட்டியுடன் உள்ளே சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளிலும் நடைபெறும் இச்சுற்றுக்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்.

சாலைக்கு எதிர்ப்புறம், செந்நிறத்தில் காட்சியளிக்கும் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் பின்னால் கப்பன் பூங்கா விரிந்துள்ளது. 1870-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட இப்பூங்காவினுள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், குழந்தைகள் அச்சமின்றி விளையாடலாம். பூங்காவை ஒட்டியுள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், 1962-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தீபாவளி, விநாயகர் சதுர்த்தி தவிர மற்ற நாட்களில் இது திறந்திருக்கும். இயந்திரங்களின் இயக்கத்தை நேரில் காட்டும் இந்த அருங்காட்சியகம், பீன்யா ஆலைகளில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் தொழிலைப் புரியவைக்கவும் உதவும்.

அல்சூரில் திருவள்ளுவர்

மாலையில் அல்சூர் ஏரிப் பகுதிக்குச் செல்லலாம். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் இங்குதான் பெங்களூரு தமிழ்ச் சங்கம் இயங்கி வருகிறது. ஏரிக்கரை அருகே 1991-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பு காரணமாகத் திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. இரு மாநில அரசுகளும் உடன்பட்டதை அடுத்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாட்களுக்குப் பின், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஊதா வழித்தடத்தின் ஹலசூரு நிலையத்தில் இறங்கினால், ஆட்டோவில் சில நிமிடங்களில் சிலையை அடையலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

கர்நாடக அரசின் சக்தி திட்டத்தின் கீழ், 2023 ஜூன் 11 முதல் அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். ஆனால், இச்சலுகை கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டுமே உரியது. கர்நாடக முகவரி கொண்ட அடையாள அட்டை இல்லாத தமிழகப் பெண்கள் பயணச்சீட்டு வாங்க வேண்டும். பீன்யாவில் பணிபுரிந்தாலும், சொந்த ஊர் முகவரியிலேயே அட்டை வைத்திருப்போருக்கும் இது பொருந்தும்.

ஊரில் இருந்து ரயிலில் வரும் உறவினர்கள் யஷ்வந்த்பூரில் இறங்கினால், பீன்யாவுக்கு மெட்ரோவில் இரண்டு நிலையங்களே உள்ளன. மெஜஸ்டிக்கில் உள்ள கே.எஸ்.ஆர். பெங்களூரு ரயில் நிலையத்தில் இறங்குவோரும், வெளியில் வாகனம் தேடாமல் மெட்ரோவிலேயே பீன்யாவை அடையலாம்.

திரும்பும் வழியில் நேரம் இருப்பின், ராஜாஜிநகர் பகுதியில் உள்ள இஸ்கான் கோயிலில் மாலை வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். மறுநாள் முதல் ஷிப்ட் வேலைக்குச் செல்வோர், அல்சூர் அல்லது இஸ்கான் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் தேர்வு செய்துகொண்டால், இரவு உணவு நேரத்துக்குள் பீன்யா வந்து சேரலாம்.