பேர் விழுதலும் நோய் பதிதலும்: மலையகத் தோட்டப் பதிவேடுகள் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைப் பதிவேடுகளின் வரலாறாகவும் எழுதலாம். நுவரெலியா, ஹற்றன் மலைச்சரிவுகளில் ஒருவர் வேலைக்கு வந்தமைக்குச் செக்றோலே சான்று. ஒருநாட் கூலியைப் 'பேர்' என்றும், விதித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தோர் பெறுவதை 'அரைப்பேர்' என்றும் தோட்ட மக்கள் வழங்குவர். ஏட்டில் பெயர் விழுதலே பிழைப்பு என்ற நிலையை இவ்வழக்கு நன்கு புலப்படுத்தும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தோருக்குத் தகர டிக்கட் வழங்கப்பட்டது. அதில் பொறிக்கப்பட்ட இலக்கம் ஆள் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டிற்று. அவர் உடல்நிலையைப் பற்றி அது யாதும் கூறவில்லை.

நோயைப் பதிதல் இதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. கோப்பிக் காலத்திலேயே, 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டப் பகுதிகளுக்கு மாவட்ட வைத்திய ஏற்பாட்டைக் கொணர்ந்தது; 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஆயினும் நோயாளி இன்று வேலைக்கு ஆவாரா, ஆகாரா என்பதே டிஸ்பென்சரி ஏட்டின் முதற் கேள்வியாயிருந்தது எனலாம். நோய் தொற்றாத வரையிலும் கைகால் இயங்கும் வரையிலும் அவ்வேட்டுக்கு அவரிடம் அக்கறை குறைவே.

ஏடு எவ்வளவு முக்கியமானது என்பதை 1948க்குப் பிந்திய காலம் உணர்த்திற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிரூபிக்க வேண்டும் என்றது. பெயரெழுத்துப் பிசகிய பிறப்புப் பதிவும் பழைய செக்றோலும் அப்பொழுது ஒரு குடும்பத்தின் கதியைத் தீர்மானிக்கலாயின. அதே மனிதர் ஓரேட்டில் இராமாயியாகவும் வேறோரேட்டில் ராமையியாகவும் தோன்றினால், அவர் இருவராகிவிடுவார்.

இப்பழைய இடர் இன்று நீரிழிவு நோயாளர்க்கான மின்னணுப் பதிவேட்டிலும் மீள்கிறது. 2005-2006இல் நடத்தப்பெற்ற தேசிய ஆய்வு, இலங்கையில் வயதுவந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது. வெறுங்காலோடு சரிவில் ஏறியிறங்குவோருக்கு, உணர்விழந்த பாதத்தில் ஏற்படும் சிறு கீறலே ஆறாப் புண்ணாகும். இத்தகைய புண்ணுக்கு உயர் அமுக்க ஒட்சிசன் சிகிச்சை மேற்கு நாடுகளில் பயிலப்படுகிறது: நோயாளி வளிமண்டல அமுக்கத்தைப் போல் இரண்டரை மடங்கு அமுக்கமுடைய அறையில் ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் தூய ஒட்சிசனைச் சுவாசிப்பார். இவ்வாறு நாற்பது தடவைகள்.

பயன் பற்றி அறிஞரிடையே ஒருமை இல்லை. 2010இல் வெளிவந்த சுவீடன் ஆய்வில் 94 பேருள், சிகிச்சை பெற்றோரில் 52 விழுக்காட்டினருக்கும் மற்றோரில் 29 விழுக்காட்டினருக்கும் புண் ஆறிற்று. 2018இன் ஒல்லாந்து ஆய்வு 120 பேரிடம் அத்தகைய தெளிவான பயனைக் காணவில்லை. அங்கு சிகிச்சைக்குரிய அறுபதின்மருள் 39 பேரே அதனை முடித்தனர். எனவே யார் முடித்தார், யார் இடையில் நின்றார், ஏன் நின்றார் என்பதைப் பதியாத ஏடு இவ்வினாவைத் தீர்க்காது. அமெரிக்காவில் டார்ட்மத்தை மையமாகக் கொண்ட பன்னாட்டுப் பதிவகம் பல நிலையங்களின் தகவலைத் திரட்டுவதன் நோக்கமும் ஏறத்தாழ இதுவே.

மலையகத்தில் இக்காரணத்தைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. வாரம் ஐந்து நாளாக எட்டு வாரம் நகருக்குச் செல்லும் கொழுந்துப் பெண்ணுக்கு நாற்பது பேர் இழப்பு. புண்ணின் ஆழம், குருதிச் சீனி, துண்டிப்பு என்பவற்றுக்கு மட்டும் கட்டம் வகுத்த பதிவேட்டில் அவள் 'வரவில்லை' என்ற ஒரு சொல்லாகவே எஞ்சுவாள். இழந்த பேர், நடந்த தூரம், காலணி உண்டா என்பவற்றுக்கும் கட்டம் வேண்டும். தோட்ட டிஸ்பென்சரி, டிக்கோயா, நுவரெலியா, கண்டி எங்கு சென்றாலும் அவளை ஒருத்தியாகவே காட்டும் சுகாதார இலக்கமும் வேண்டும். பெயரைத் தமிழில் முதலில் எழுதி, ஆங்கில எழுத்தை அதன் பின் வைப்பது சிறு காரியமாகத் தோன்றலாம். 1949இன் விண்ணப்பதாரர் அதனைச் சிறிதென்று சொல்லியிரார்.