ஜெட் படகு: குறைந்த வேகக் கட்டுப்பாட்டின் வரலாறு

ஜெட் படகு என்பது நீரை உள்ளிழுத்துப் பின்புறம் வேகமாகப் பீச்சி, அந்த எதிர்விசையால் நகரும் படகாகும். இதன் அடியில் விசிறியோ சுக்கானோ நீட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆழமற்ற ஆறுகளில் செல்ல இது வழிசெய்தது. ஆனால் மெதுவாகச் செல்லும்போது படகைக் கட்டுப்படுத்துவது எப்படி என்ற சிக்கலும் இதனால்தான் எழுந்தது.

தோற்றம்

நியூசிலாந்தின் தென்தீவில் 1899-இல் பிறந்தவர் வில்லியம் ஹாமில்டன். மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மன் கிரீக் என்னும் ஆட்டுப் பண்ணையை நடத்தினார். அப்பகுதி ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து, கூழாங்கற்கள்மீது வேகமாக ஓடுபவை. பல இடங்களில் நீர் முழங்காலளவுகூட இராது. சாதாரண விசைப்படகின் விசிறி கல்லில் மோதி உடைந்துவிடும்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க நீர்ப்பீச்சு இயந்திரம் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு ஹாமில்டன் சோதனைகள் செய்தார். அதில் நீர் படகின் அடியில் வெளியேறியது. அவர் பீச்சுகுழலை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, படகின் பின்புறத்தில் பொருத்தினார். வேகம் கூடியது, கல்லில் மோதும் உறுப்பும் இல்லாமற்போனது. நீர்ப்பீச்சு உந்துமுறையைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கோரவில்லை. அப்பெருமையை ஆர்க்கிமிடீசுக்கே அளித்தார்.

மெதுவாகச் செல்வதில் உள்ள சிக்கல்

சுக்கான் உள்ள படகு, இயந்திரத்தை நிறுத்திய பின்னும் ஓடும் வேகம் உள்ளவரை ஓரளவு திரும்பும். ஜெட் படகில் பீச்சப்படும் நீரைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் படகு திரும்பும். பீச்சு குறைந்தால் திருப்பும் விசையும் குறையும். எதிரே பாறையைக் கண்டு பதறி விசையை முழுதும் குறைப்பவர், படகைத் திருப்பும் ஆற்றலையும் அப்போதே இழக்கிறார். படகு நேராகப் பாறையை நோக்கியே செல்லும். புதிதாக ஓட்டுபவர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே. மேலும், அடிப்பகுதி ஏறத்தாழத் தட்டையாக இருப்பதால் மெதுவாகச் செல்லும் படகைக் காற்று எளிதில் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

தீர்வு

இதற்குத் தீர்வாக அமைந்தது பக்கெட் எனப்படும் தடுப்பு. இதைப் பீச்சின் பின்னால் முழுதும் இறக்கினால் நீர் முன்னோக்கித் திரும்பும். படகு பின்னே செல்லும். பாதியளவு இறக்கினால் நீரின் ஒரு பகுதி பின்னும் மறுபகுதி முன்னும் பாயும். இரு விசைகளும் சமமானால், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். அந்நிலையில் சக்கரத்தைத் திருப்பினால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். இச்சமநிலை பக்கெட்டின் இருப்பைப் பொறுத்தது. கேபிளின் நீளம் சிறிது மாறினாலும் படகு மெல்ல முன்னோ பின்னோ ஊரும். ஆகவே நீரில் சோதித்துக் கேபிளைச் சரிசெய்வது வழக்கம்.

ஹாமில்டன் வகை ஜெட்டில் பின்செல்லும்போதும் சக்கரம் திரும்பும் பக்கமே படகின் முன்பகுதி திரும்பும். பின்பகுதி எதிர்ப்பக்கம் போகும். மோட்டார் வாகனம் ஓட்டிப் பழகியவர்க்கு இது குழப்பம் தரும். ஆழமற்ற இடத்தில் நெடுநேரம் பின்செல்வதும் கூடாது. முன்னோக்கிப் பாயும் நீர் அடியிலுள்ள மணலையும் கற்களையும் கிளப்பி, உறிஞ்சும் வாய்க்குள் செலுத்திவிடும்.

பெரும் பயணங்கள்

1960-இல் ஹாமில்டன் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின. 1974-இல் ஹாமில்டன் சர் பட்டம் பெற்றார். 1977-இல் எட்மண்ட் ஹிலாரி குழுவினர் கங்கையின் முகத்துவாரத்திலிருந்து இமயத்தை நோக்கி மூன்று ஜெட் படகுகளில் சென்றனர். ஹாமில்டனின் மகன் ஜானும் உடன் சென்றார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி படகுப் பயணத்தைத் தடுத்தது. மறு ஆண்டு, 1978-இல் ஹாமில்டன் காலமானார்.

இன்று மீட்புப் படகுகள், கப்பல் வழிகாட்டிப் படகுகள் எனப் பலவற்றில் ஜெட் பயன்படுகிறது. வேகத்தைப் போலவே, நின்ற இடத்தில் நின்று திரும்பும் திறனும் இப்பணிகளுக்கு இன்றியமையாதது.