எம்டன் எரித்த கிருஷ்ணாயில்

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்டது: "நார்த் மெட்ராஸ்ல நடந்த பெரிய தீ விபத்தைப் பத்திப் பேசுங்க ப்ரோ." துறைமுகம், எண்ணெய் டேங்க், மணலி ரிஃபைனரின்னு நம்ம ஏரியாவுல எரியக்கூடியதுக்குப் பஞ்சமே இல்ல, அதனால கேட்டது நியாயம்தான். நானும் துறைமுகத்துல இருந்துதான் தேட ஆரம்பிச்சேன். ஆனா தேடல் முடிஞ்ச இடம் காசிமேட்டுல எங்க ஆயா வீட்டு அடுப்படி. அது எப்படின்னு சொல்றேன்.

1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், விளக்குகளை அணைத்துவிட்டு மெட்ராஸ் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் பற்றி எரிந்தன. சிலர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் இருக்கிறது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி, எம்டனை அடித்து நொறுக்கியது. கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் நம்ம பேச்சில் தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்"னு இப்பவும் சொல்றோம் இல்லையா, அந்த எம்டன் இதுதான்.

இது நிறைய பேருக்குத் தெரிந்த கதை. நான் யோசித்தது வேறு ஒன்று. அந்த டேங்குகளில் என்ன இருந்தது?

மண்ணெண்ணெய். பர்மாவில் எடுத்து, ரங்கூன் பக்கத்தில் சுத்திகரித்து, கப்பலில் இங்கே கொண்டுவந்த எண்ணெய். அது போக வேண்டிய இடம் போர்க்களம் இல்லை, வீடு. சிம்னி விளக்குக்கும் அரிக்கேன் விளக்குக்கும் ஊற்றவேண்டிய எண்ணெய். எங்க ஆயா அதை மண்ணெண்ணெய்னு சொன்னதே கிடையாது. கெரசின் ஆயில் அவங்க வாயில "கிருஷ்ணாயில்" ஆகிடும். ரேஷன் கடையில கிருஷ்ணாயில் ஊத்துறாங்கன்னு காதுல விழுந்தா போதும், கேனைத் தூக்கிட்டு ஓடுவாங்க.

எம்டன் எரித்தது கொஞ்சம்தான். எரியாமல் தப்பித்த எண்ணெய் அடுத்த 90 வருஷம் தினமும் நம்ம வீடுகளுக்கு வந்துகொண்டே இருந்தது. அது வைத்த தீக்கு ஒரு கல்வெட்டும் கிடையாது.

முதலில் கூரை. துறைமுகம், ரயில்வே, மில், மீன்பிடின்னு வேலை தேடி வந்தவங்க கடலோரமும் பக்கிங்காம் கால்வாய் ஓரமும் குடிசை போட்டாங்க. ஓலைக் கூரை, உள்ளே விளக்கும் அடுப்பும், ஒரு குடிசைக்கும் அடுத்த குடிசைக்கும் ஒரு முழம் இடைவெளி. கோடையில் ஒரு பொறி, கூட ஒரு காற்று, அவ்வளவுதான், வரிசையே போய்விடும். 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் வந்தது. இன்னைக்கு நாம பழசாப் போச்சுன்னு குறை சொல்ற ஹவுசிங் போர்டு பிளாக்குகள், ஒரு வகையில் தீ அணைக்கும் கருவிகளும்கூட. சுவரும் தளமும் கான்கிரீட் ஆனால் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்க வாய்ப்பு இருக்கிறது. ஓலை என்ன செய்யும் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பார்த்தோம். பள்ளிச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாது என்று அரசு கண்டிப்பாகச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, ஸ்டவ். பம்ப் ஸ்டவ் பார்த்திருக்கீங்களா? பித்தளை டேங்க், பக்கத்தில் ஒரு பம்ப். காற்றை அடித்தால் அழுத்தத்தில் எண்ணெய் மேலே ஏறும், பர்னர் சூட்டில் ஆவியாகும், சின்னத் துளை வழியாக வந்து நீலமாக எரியும். 1890-களில் சுவீடனில் வந்த பிரைமஸ் அடுப்பின் வாரிசு. நல்ல பொறியியல்தான். ஆனா அந்தத் துளை அடிக்கடி அடைக்கும், பின் வைத்துக் குத்தணும். எண்ணெய் தீர்ந்தால், சூடு ஆறுவதற்குள் மூடியைத் திறந்து ஊற்றத் தோணும், ஏன்னா பசங்க சாப்பிட்டு ஸ்கூலுக்குப் போகணும். எண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்திருந்தாலோ கேட்கவே வேண்டாம். சுத்தமான மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிக்கவே 35, 40 டிகிரி சூடு வேண்டும். பெட்ரோல் ஆவிக்கு அந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது. இத்தனையும் தரையில், நைலான் புடவை கட்டிக்கொண்டு, குனிந்து செய்கிற வேலை.

எங்க ஆயாவுக்கு வலது கையில் முழங்கை வரைக்கும் தழும்பு. கேட்டா "எங்கவனம் பத்தலடா"ன்னு முடிச்சிடுவாங்க. என்னால அதை அப்படியே விட முடியல. எங்க வேலையில ஒரு பாடம் உண்டு: ஒரே தப்பை ஒரு யூசர் செய்தால் அது யூசரின் தப்பு, ஆயிரம் யூசர் செய்தால் அது டிசைனின் தப்பு. ஆயாவுக்கு இதை யாரும் சொல்லல.

மூன்றாவது, பேசக் கஷ்டமான விஷயம். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு." எழுபது, எண்பதுகளில் செய்தித்தாளில் அடிக்கடி வந்த வரி. இறந்தது பெரும்பாலும் புதுசா கல்யாணமான பெண். நிஜமாகவே வெடித்த ஸ்டவ் நிறைய. அந்த நிறையவுக்குள் கொலைகளும் ஒளிந்துகொண்டன, கொடுமை தாங்காமல் நடந்த தற்கொலைகளும் ஒளிந்துகொண்டன. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் சட்டம் மாறியது. 1983-ல் 498ஏ, 1986-ல் 304பி. திருமணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, அதற்குக் கொஞ்சம் முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்தது தெரிந்தால், அதை வரதட்சணை மரணமாகவே சட்டம் பார்க்கும். அந்தப் பிரிவு முதலில் சொல்லும் காரணமே தீக்காயம்தான்.

எத்தனை பேர்? 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின் கணக்குப்படி, 2001-ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000-க்கும் மேல். அதில் சுமார் 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 34 வயது வரை. போலீஸ் கணக்கில் இருந்ததைப் போல இது ஆறு மடங்கு. எம்டன் தாக்குதலில் இறந்தவர்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். இவர்களை எண்ணவே இல்லை.

அப்புறம் காஸ் வந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச காஸ் அடுப்புத் திட்டம் நம்ம பக்கத்து அடுப்படிகளை மாற்றியது. ஆயா வீட்டு பம்ப் ஸ்டவ் பரணுக்குப் போச்சு. காஸ் ஆபத்து இல்லையான்னா, இருக்கு. ஆனா அதுக்குள்ள ஒரு பாடத்தை வைத்தே அனுப்புகிறார்கள். சமையல் காஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. நமக்குத் தெரிந்த அந்த நாற்றம் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்ப்பதால் வருகிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் வாசனையே இல்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது கட்டாயமானது அதற்குப் பிறகு. அடுத்த முறை காஸ் வாடை மூக்கில் ஏறும்போது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நொடி முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னல் கதவைத் திறங்கள். எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இந்த காஸ் காற்றை விடக் கனம், தரையில் படுத்துக் கிடக்கும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும். வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்க. அந்த ஆரஞ்சு ரப்பர் டியூப்பை 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றணும், தேதி அதன் மேலேயே அச்சடிச்சிருக்கும். வாணலி எண்ணெய் பற்றினால் அடுப்பை அணைத்து மூடி போடுங்கள், தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடை வைத்திருக்கிறவர்கள் ஷட்டரை இறக்கும் முன் சாமி விளக்கையும் கொசுவர்த்தியையும் பார்த்துவிட்டு, மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போங்க. ஃப்ரிட்ஜ் ஓடணும்னா அதுக்குத் தனி லைன் போட்டுக்கலாம்.

இப்போது நம்ம வீட்டுக்கு அடுத்த எரிபொருள் வந்தாச்சு. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவில் சார்ஜில் இருந்த எலெக்ட்ரிக் பைக் தீப்பிடித்து, அப்பாவும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த வருடம் இன்னும் சில வண்டிகள் எரிந்த பிறகு, டிசம்பரிலிருந்து பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாகின. வரிசை கவனிச்சீங்களா? முதலில் பொருள் வருது, அப்புறம் சாவு, கடைசியில் விதி. கிருஷ்ணாயில் காலத்திலிருந்து இந்த வரிசை மாறவே இல்ல.

இந்த எபிசோடை எழுதிட்டு இருந்தப்போதான் உறைச்சது. தண்டையார்பேட்டையில் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டில் மூன்று மாடிக்கும் ஒரே ஒரு படிக்கட்டு. அதுக்குக் கீழதான் என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒரு வருஷமா ராத்திரி முழுக்க சார்ஜ் ஆகிட்டு இருந்தது. அது எரிஞ்சா மேலே இருக்கிற எட்டு குடும்பமும் இறங்க வழி கிடையாது. அதுல ரெண்டு கைக்குழந்தை. வீட்டு ஓனர்கிட்ட பேசி, வாசலுக்கு வெளியே திறந்த இடத்தில் எம்சிபி வைத்த தனி லைன் இழுத்தாச்சு. இப்போ நான் முழிச்சிருக்கிற நேரத்துல மட்டும்தான் சார்ஜ்.

ஆயாகிட்ட போன்ல சொன்னேன். "இப்பவாவது தோணிச்சே"ன்னு சிரிச்சாங்க. அவங்க காலத்துல தோணியும் மாத்த வழி இல்ல. நமக்கு இருக்கு. இன்னைக்கு ராத்திரி உங்க படிக்கட்டுக்குக் கீழே என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் படுங்க. பார்த்ததை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன். தீ நம்பர் 101, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனாலும் வீட்டுப் பெரியவங்க போன்லயும் ஒரு தடவை சேவ் பண்ணி வைங்க.