கும்பகோணத்துக் கணக்கும் மேசைக் கணினியும்



கொழுந்து நிறுக்கையில் ஓர் எண் பிசகினாலும் கூலி குறையுமல்லவா? கணக்கின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் கணக்கிலே புலி. ஆனால் மற்றப் பாடங்களில் தவறியதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1914இல் இங்கிலாந்து சென்றார். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 'பை' என்ற முடிவில்லா எண்ணைக் காண, அவ்வாண்டே புதிய சூத்திரங்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, படிக்குச் சுமார் 8 இலக்கங்கள் தரும். 1985இல் அமெரிக்கரான பில் கோஸ்பர் அதைக் கணினியில் இட்டு, 17 மில்லியனுக்கும் அதிகமான இலக்கங்களைக் கண்டார்.

இன்று இதை வீட்டு மேசைக் கணினியிலேயே செய்து பார்க்கலாம். டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய 'சி' கணினி மொழியில், சாதாரணத் தசம எண் 15, 16 இலக்கந்தான் தாங்கும். அதுக்கு மேலே வேணும்னா என்ன செய்வது? பிறர் எழுதி, சோதித்து வைத்த கணக்கு வழிகளின் தொகுப்பைத் துணைக்கு அழைக்கலாம். 1991இல் வெளிவந்த 'ஜிஎம்பி' அத்தகையது. காசு கொடுக்க வேண்டாம். நினைவகம் இடம் தரும்வரை எண் நீளும். இராமானுஜன் வழியில் சுட்நோவ்ஸ்கி சகோதரர்கள் கண்ட சூத்திரம், படிக்கு 14 இலக்கங்கள் தரும். அதைக் கொண்டு பை காணும் சி நிரலும் உண்டு.

பெட்டி கணக்குப் போடும். எந்தக் கணக்கு என்று சொல்ல மனிதன் வேண்டும். இன்று பரிசு பெறாத தம்பி, தங்கைகளே, அந்தக் குமாஸ்தாவை நினையுங்கள். பெற்றோர்களே, ஒரு பாடத்தில் தவறினால் பிள்ளையைப் பள்ளியைவிட்டு நிறுத்திடாதீங்க!