நுண் இடப்பெயர்ச்சி அளவீட்டில் இரைச்சல் குறைப்பு: கால்வனோமீட்டர் முதல் லைகோ வரை

ஒரு பொருள் எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும் உணரியின் வெளியீடு, பொருள் அசையாதிருக்கும்போதும் அசைந்துகொண்டே இருக்கும். இந்த வேண்டாத அசைவே இரைச்சல். அதைக் குறைத்த வரலாற்றை, மிகைப்பிகளும் வடிப்பிகளும் மேம்பட்ட வரலாறாகச் சொல்வதே வழக்கம். இக்கட்டுரை அதிலிருந்து மாறுபடுகிறது. இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று யாரோ ஒருவர் சரியாகக் கண்டு சொன்ன பிறகே இத்துறையின் பெரிய முன்னேற்றங்கள் நிகழ்ந்தன.

1925இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மோல், பர்கர் இருவரும் கால்வனோமீட்டர் கண்ணாடியின் மிகச் சிறிய திருப்பத்தைப் பெருக்கிக் காட்டும் ஒரு முறையை வகுத்தனர். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி ஒரு வெப்ப மின்னிரட்டையின் மீது விழும். புள்ளி இம்மியளவு விலகினாலும் அங்கே மின்னோட்டம் எழுந்து இரண்டாவது கால்வனோமீட்டரை இயக்கும். பெருக்கம் கூடியது. ஆனால் அளக்க வேண்டிய மின்னோட்டம் இல்லாத வேளையிலும் பதிவுக்கோடு ஒழுங்கின்றித் துடித்தது. தரையின் நுண் அதிர்வே இதற்குக் காரணம் என்று கருதப்பட்டது.

மறு ஆண்டே ஸ்வீடனின் குஸ்தாவ் ஈசிங் இவ்விளக்கத்தை மறுத்தார். (காந்தவியலில் பேசப்படும் எர்ன்ஸ்ட் ஈசிங் வேறொருவர்.) தொங்கும் கண்ணாடியும் வெப்பச் சமநிலையில் உள்ள ஒரு பொருளே, ஆகவே நீரில் மிதக்கும் மகரந்தத் துகளுக்குரிய பிரௌனியன் இயக்கம் அதற்கும் உண்டு. பதிவான துடிப்பின் அளவு இக்கணக்கோடு பொருந்தியது. தரையை எவ்வளவு அமைதியாக்கினாலும், ஒளிப்புள்ளியை எவ்வளவு பெருக்கினாலும் இந்த எல்லை நகராது. பெருக்கினால் துடிப்பும் சேர்ந்தே பெருகும். அளவியல் வரலாற்றில் ஈசிங்கின் இவ்விளக்கத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் கருத்து.

1931இல் ஜெர்மனியின் ஒய்கன் காப்ளர் மெல்லிய இழையில் தொங்கவிட்ட கண்ணாடியின் துடிப்பையே அளந்து, அதிலிருந்து அவகாட்ரோ எண்ணைக் கண்டறிந்தார். அம்மதிப்பு இன்றைய மதிப்பிலிருந்து 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே விலகியது. பின்னாளில் இதைவிடப் பயன்பட்டது அவருடைய வேறொரு பதிவு. சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைக் குறைத்தபோது துடிப்பின் தோற்றம் முற்றிலும் மாறியது. கோணத்தின் சராசரி இருமடி மட்டும் மாறவில்லை. காற்று மிகுந்திருந்தபோது தாறுமாறாக ஓடிய கோடு, காற்று குறைந்ததும் இழையின் இயல்பு அலைவெண்ணிலேயே ஏறக்குறைய ஒழுங்காக ஊசலாடியது. வெப்ப அசைவின் மொத்த அளவை வெப்பநிலையும் இழையின் விறைப்பும் தீர்மானிக்கின்றன. அந்த அசைவு எந்தெந்த அலைவெண்களில் பரவும் என்பதைத் தீர்மானிப்பது உராய்வு. 1951இல் காலனும் வெல்டனும் இத்தொடர்பைப் பொதுத் தேற்றமாக நிறுவினர்.

மின்னணுப் பக்கத்தில் வளர்ச்சி விரைவாக நடந்தது. மின்தடையிலேயே வெப்ப இரைச்சல் உண்டு என்று 1928இல் ஜான்சன் அளந்து காட்டினார். நைக்விஸ்ட் அதை விளக்கினார். தாழ் அலைவெண்களில் மிகைப்பிகளின் இரைச்சல் கூடுவதால், சமிக்ஞையை உயர் அலைவெண்ணுக்கு ஏற்றி அங்கே அளந்து மீட்கும் உத்தி பரவியது. 1946இல் ராபர்ட் டிக்கியின் கதிர்வீச்சுமானி இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி. மாறுமின்னோட்டப் பாலத்தில் இயங்கும் மின்தேக்கு நிலை உணரிகள் இன்றும் அவ்வழியில்தான் செயல்படுகின்றன.

இந்த இழைகளை ஒன்றாகக் கோத்தவர் எம்.ஐ.டி.யின் ரெய்னர் வைஸ். ஈர்ப்பலைகளை லேசர் குறுக்கீட்டுமானியால் கண்டறிய முடியுமா என்று ஆராய்ந்த அவரது 1972ஆம் ஆண்டு அறிக்கை ஆய்வகத்தின் காலாண்டு வெளியீட்டில்தான் வந்தது. லேசர் ஒளியின் ஏற்ற இறக்கம், கண்ணாடிகளின் வெப்ப அசைவு, கதிர்வீச்சு அழுத்தம், தரை அதிர்வு, காஸ்மிக் கதிர், சுற்றுப்புறப் பொருள்திணிவின் ஈர்ப்பு மாற்றம் என ஒவ்வொரு இரைச்சலையும் தனித்தனியே மதிப்பிட்டார். கருவியைக் கட்டும் முன்பே அதன் இரைச்சல் கணக்கு எழுதப்பட்டுவிட்டது. அந்த அறிக்கையின் பெருமையே இதுதான்.

காப்ளரின் பதிவு சொன்ன பாடம் இங்கே கருவியாயிற்று. உராய்வு மிகக் குறைந்த பொருளால் கண்ணாடியைத் தொங்கவிட்டால், வெப்ப அசைவு ஒத்ததிர்வு அலைவெண்களை ஒட்டிய குறுகிய பட்டைகளில் ஒதுங்கிவிடும்; அவற்றிலிருந்து விலகிய இடங்கள் அமைதியாகும். ஈர்ப்பலைகளைத் தேடும் லேசர் குறுக்கீட்டுமானியான லைகோவின் முதல் வடிவில் கண்ணாடிகள் எஃகுக் கம்பியில் தொங்கின. மேம்பட்ட லைகோவில் 40 கிலோ கண்ணாடியை 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு உருக்கிய சிலிக்கா இழைகள் தாங்குகின்றன. கிளாஸ்கோ குழு வளர்த்த இவ்விழைகள் முதலில் ஜெர்மனியின் ஜியோ600 கருவியில் பயன்பட்டன. நான்கு அடுக்கு ஊசல் அமைப்பு தரை அதிர்வையும் தடுக்கிறது.

குவாண்டம் இரைச்சலின் பிறப்பிடத்தைக் காட்டியவர் கார்ல்டன் கேவ்ஸ். குறுக்கீட்டுமானியில் ஒளி செலுத்தப்படாத வாயில் வழியே வெற்றிடத்தின் ஏற்ற இறக்கம் உள்ளே நுழைகிறது என்று 1980இல் விளக்கினார். மறு ஆண்டு, அந்த வாயிலில் நெருக்கப்பட்ட ஒளியைச் செலுத்தலாம் என்றார். இத்தகைய ஒளியில் ஒரு கூறின் ஏற்ற இறக்கம் குறையும், மற்றதில் கூடும். 1985இல் பெல் ஆய்வகத்தில் அத்தகைய ஒளி உருவாக்கப்பட்டது. 2010 முதல் ஜியோ600இலும், 2019இல் தொடங்கிய மூன்றாம் அளவீட்டுக் காலத்திலிருந்து லைகோவிலும் அது பயன்படுகிறது.

நெருக்கப்பட்ட ஒளி லைகோவுக்கு வரும் முன்பே, 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை பதிவானது. குறுக்கீட்டுமானியின் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகளுக்கிடையே ஏற்பட்ட நீள வேறுபாடு ஏறத்தாழ 4×10⁻¹⁸ மீட்டர். புரோட்டானின் விட்டத்தில் சுமார் 400இல் ஒரு பங்கு. இன்று 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் முட்டுக்கட்டையாக நிற்பவற்றுள் முக்கியமானது கண்ணாடி மேற்பூச்சின் வெப்ப இரைச்சல். சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள பூச்சு அது. ஒளி படும் பரப்பை ஒட்டிய பகுதியின் உராய்வே அதிகம் பாதிக்கும் என்று 1998இல் யூரி லெவின் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அவ்வகையில் இந்தப் பிறப்பிடமும் தெரிந்துவிட்டது. உராய்வு குறைந்த பூச்சுக்கான தேடல் நடக்கிறது.

ஆகவே, நம் பொறியியல் கல்லூரிகளில் உணரிகளைக் கற்பிப்போர் வடிப்பி வடிவமைப்புக்குப் போகும் முன், பொருளை அசையாமல் வைத்து வெளியீட்டின் அலைவெண் நிறமாலையை மாணவர்களே வரையும்படி செய்ய வேண்டும். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் எது காரணம் என்று அவர்களே எழுதட்டும்.