ஈழத்திற் பிறவாத மரகதம்

ஈழம் மணிகளுக்குப் பெயர்போன நாடு. இரத்தினபுரிப் பகுதியில் நீலம், பதுமராகம், புட்பராகம், வைடூரியம் எனப் பலவும் அகழ்ந்தெடுக்கப்படுகின்றன. மரகதமோ விலைபோகும் அளவில் இத்தீவிற் கிடைப்பதன்று. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறை நிலமாதலின் ஈண்டு மணி எதுவும் விளைவதில்லை. எனினும் கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் பொற்கொல்லர் பதித்த பச்சைக்கற்கள் தலைமுறை தலைமுறையாக இந்நாட்டு மகளிர் அணிகளில் இடம்பெற்று வந்துள்ளன. நவரத்தின மோதிரத்திற் புதனுக்குரிய மணியாக அமைவதும் இதுவே. இங்குப் பிறவாத ஒரு கல் இங்குள்ளோர் பெட்டகத்தை அடைந்த வரலாறு, அதனை வாங்குவோருக்கும் அறியத்தக்கதே.

பழைய உலகில் மரகதத்துக்குப் பேர்பெற்ற இடம் எகிப்து நாட்டுச் செங்கடற் கரையை அடுத்த மலைப்பகுதியாகும். அம்மலைகளுக்கு அணித்தாயிருந்த பெரெனிக்கே துறைமுகத்தில், இந்தியச் சாடியொன்றில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு அகழ்வாராய்ச்சியிற் கண்டெடுக்கப்பட்டது. மிளகு சென்ற வழியே மரகதமும் வந்திருத்தல் இயல்பு. ஆறாம் நூற்றாண்டினரான கொஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர் இதனை ஐயத்திற்கு இடமின்றி உரைக்கின்றார். எத்தியோப்பியர் பிளெமியர் என்னும் குடியினரிடம் மரகதம் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுசென்றனர் என்பது அவர் கூற்று. ஈழத்தைப் பல நாட்டு மரக்கலங்களும் கூடும் வணிகக் களமாக வருணிப்பவரும் அவரே. அவர் குறித்த துறை மாதோட்டமே என்பார் பலர். கிரேக்க மொழியின் ‘ஸ்மராக்தொஸ்’, வடமொழியின் ‘மரகத’ என்பன ஓரினச் சொற்கள் என்பதும் நோக்கற்பாலது. பண்டத்தோடு பெயரும் பயணஞ் செய்தது போலும்.

பாண்டிநாட்டார் இக்கல்லை வாங்கி அணிந்ததோடு அமையவில்லை. அதன் குற்றங்களை வகுத்தும் அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரையின் மணிக்கடை வீதியைக் கூறுமிடத்து, ஏகை, மாலை, இருள் என்னும் குற்றங்கள் நீங்கிய மரகதம் பேசப்படுகின்றது. ஏகை என்பது கீற்று. கீற்றில்லாத கல்லே உயர்ந்ததென்பது அக்கால மதிப்பு. இம்மதிப்பு இன்று எங்ஙனம் தலைகீழாயிற்று என்பது பின்னர் விளங்கும்.

யாழ்ப்பாண அரசின் செல்வத்துக்குச் சான்று பகர்பவர் இபுன் பதூதா. 1344ஆம் ஆண்டளவில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட அவர், அம்மன்னனிடமிருந்த முத்துக்களையும், உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணத்தையும் வியந்து எழுதினார். முத்து அரசனது கடலின் விளைவு. மாணிக்கம் தென்னிலங்கையின் விளைவு. நல்லூர் அரசு 1619இற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அதற்குள்ளாகவே உலக மரகதச் சந்தை முற்றும் மாறிவிட்டிருந்தது. தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் ஸ்பானியர் கைப்பற்றிய மூசோ, சீவோர் சுரங்கங்களின் கற்கள் கோவா வழியாக முகலாயர் அரண்மனைகளிற் குவிந்தன. எகிப்தியக் கல் அவற்றின் முன் நிற்க இயலவில்லை. “பழைய கீழைநாட்டுச் சுரங்கத்துக் கல்” என்று பிற்காலத்தார் போற்றிய மணிகள் சில கொலம்பியாவிற் பிறந்தவையே என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஒட்சிசன் ஆய்வு மெய்ப்பித்தது. இராசத்தானத்தில் மரகதம் கண்டுபிடிக்கப்பட்டது 1943இலேயாம்.

இனி, மரகதம் யாது? முன்னோர் பச்சொளி வீசும் கற்கள் பலவற்றையும் நிறம்பற்றி இப்பெயரால் வழங்கியிருத்தல் கூடும். கனிமநூலார் வழக்கோ குறுகியது. பெரில் என்னும் கனிமம் குரோமியத்தாலோ வனேடியத்தாலோ பசுமை பெறின் அதுவே மரகதம். இரத்தினபுரியிற் கிடைக்கும் பச்சைநிறத் தூர்மலினும் சேர்க்கனும் நல்ல மணிகளே, மரகதம் அல்ல. அப்பெயரில் விற்றலே குற்றம். பெரிலின் கடினம் ஏழரை முதல் எட்டு வரை. ஆயினும் உள்ளே கீற்றுடைமையால் எளிதில் உடைவது. பதிக்கும்போது கொல்லனின் நெருப்பும் தட்டும் அதற்குப் பகை.

வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியது நிறமே. மிக இருண்டதும் மிக வெளிறியதும் விலை குறைந்தன. அடுத்தது கீற்று. இயற்கை மரகதத்தில் நுண்ணிய கீற்றும் நீர்த்துளி அடைப்பும் பெரும்பாலும் இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் நோக்கியும் மாசே தோன்றாத பெரிய கல் மலிவாகக் கிடைப்பின் ஐயுறுதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டு முதல் ஆய்வுகூடத்தில் வளர்த்த மரகதங்கள் சந்தையில் உள்ளன. வட்டக் குமிழி காணப்படின் கண்ணாடி எனக் கொள்ளலாம். பழைய நகைகளிற் பின்புறம் பொன்தகட்டால் மூடிப் பதித்த கல்லை மதிப்பிடுதல் அரிது. அடியிலிட்ட வண்ணத்தாளே பசுமையைத் தந்திருக்கலாம். சீதனமாக வந்த அட்டியலை விற்கப் போன பின்னரே குடும்பத்தார் இவ்வுண்மையை அறிவது பெரிதும் இரங்கத்தக்கது. கல்லைக் கழற்றிப் பகலொளியிற் பார்த்தலே முறை. ஐயம் நீங்காவிடின் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் பரிசோதனையை நாடலாம்.

எண்ணெய் பற்றியும் ஒரு சொல். கீற்றுக்களை மறைக்க மரகதத்தை நிறமற்ற எண்ணெயில் ஊறவைத்தல் உலகெங்கும் உள்ள வழக்கம். வாங்குவோனுக்குச் சொல்லி விற்பின் அதனை வஞ்சகம் எனல் ஆகாது. ஆனால் வெந்நீரும் சவர்க்காரமும் பட்டு எண்ணெய் கசிந்தபின் வெண்கோடுகள் தோன்றும். அப்போது பழி பெரும்பாலும் நகையைக் கழுவிய பெண்மீதே விழும். கோடுகளோ கல் சுரங்கத்தை விட்டு வெளிப்பட்ட நாள்தொட்டு அங்கேயே இருந்தவை.