அபூ மஅஷர் அஸ்-ஸிந்தி: தந்தை சொன்னதும் மகன் காத்ததும்

ஹதீஸ் என்றதும் அரபு அறிஞர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 8-ஆம் நூற்றாண்டு மதீனாவில் 'ஸிந்தி', அதாவது சிந்து நாட்டவர், என்ற பெயரோடும் ஒருவர் இருந்தார். அவர்தான் அபூ மஅஷர் நஜீஹ். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். நபிகளாரின் போர்களைப் பற்றி நூல் எழுதியவர். பிறகு பாக்தாத் சென்று, கி.பி. 787-ல் அங்கேயே மறைந்தார்.

அவருக்கு நினைவாற்றல் குறைவு என்று ஹதீஸ் அறிஞர்கள் சொன்னார்கள். இருந்தாலும் மகன் முஹம்மது, தந்தையிடம் கேட்டதைப் பிறருக்கு அறிவித்தார். இமாம் திர்மிதி அதைத் தம் தொகுப்பில் சேர்த்தார்; தந்தை மீதான விமர்சனத்தையும் கூடவே எழுதி வைத்தார்.

அபூ மஅஷரின் நூல் இன்று இல்லை. தபரி போன்றோர் எடுத்தாண்ட பகுதிகளே மிச்சம். மகன் சொன்னார் என்பதற்காகக் குறையை மறைக்கவில்லை. குறை இருக்கிறது என்பதற்காகத் தூக்கி எறியவும் இல்லை. அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.